திலகா மிஸ்ஸி மாற்றச் சொன்ன டேங்க்

பினாங்கின் சூலியா தெருவில் எங்கள் நாணயமாற்றுக் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தேன். உள்ளே தொலைபேசி அடித்தது. அவ்வளவு காலையில் வாடிக்கையாளர்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு வாரமாக அந்த மணிச் சத்தத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். குனிந்து உள்ளே நுழைந்து எடுத்தேன். பேசியவர், பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் மேரி.

"காதர் அண்ணே, மிஸ்ஸி போயிட்டாங்க. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். தூக்கத்துலயே."

நம் ஊரில் தாதியர் எல்லாரும் மிஸ்ஸிகள்தாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பேரைச் சொல்லாமல் மிஸ்ஸி என்றால் அது திலகவதி சிவநேசன் ஒருவரைத்தான் குறிக்கும். எனக்கு அவர் திலகா அக்கா.

இறுதிச் சடங்குக்கு இரண்டு விதமான கூட்டம் வந்திருந்தது. ஒரு பக்கம் தாதியர். மறுபக்கம் தலை நரைத்த, தொந்தி விழுந்த சில ஆண்கள். ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவர்கள். "இந்த அங்கிள் எல்லாம் யாரு? மிஸ்ஸிக்கு எப்படிப் பழக்கம்?" என்று ஓர் இளம் தாதி என்னிடம் கேட்டார். சற்று நேரம் கழித்துப் பந்தயக்காரர் ஒருவர், "அவங்க தீக்காய வார்டுலயா வேலை செஞ்சாங்க? எனக்கு சிவநேசன் வீட்டுக்காரம்மான்னு மட்டுந்தான் தெரியும்" என்றார். இரண்டு பக்கத்தையும் அறிந்தவனாக அங்கே நான் ஒருவன்தான் நின்றேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணன் துறைமுக அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், மரத்தில் மோதி நசுங்கிக் கிடந்த இரண்டு கதவு ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு முன்புறக் கொட்டகையில் போட்டு, வருடக்கணக்கில் கழற்றியும் பூட்டியும் அதைப் பந்தயக் காராக மாற்றினார். எஸ்டேட் மண்பாதைகளில் நேரம் வைத்து ஓடும் பந்தயங்கள் அவை. அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைப் படித்துச் சொல்வேன். அக்கா எங்களைத் தடுத்ததில்லை. போகும்போது தேநீர்க் குடுவையும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்புவார். திரும்பி வந்தால், "சேற்றோட உள்ள வராதீங்க" என்பார். அவ்வளவுதான்.

அது மாறியது ஒரு பிற்பகலில். அண்ணனும் நானும் காரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து வந்த அக்கா வீட்டுக்குள் போகாமல் சீருடையோடு காரின் அருகில் வந்து நின்றார்.

"இதுல பெட்ரோல் எங்க இருக்கு?"

அண்ணன் சிரித்துக்கொண்டே பின்பெட்டியைத் திறந்து காட்டினார். பின்னிருக்கைக்கு நேர் பின்னால் தகர டேங்க். டேங்குக்கும் இருக்கைக்கும் நடுவே கறுப்பு அட்டை ஒன்று. அக்கா அந்த அட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இது மட்டுந்தானா?"

"எல்லாக் காரும் இப்படித்தான் திலகா."

அக்கா உள்ளே போய்விட்டார். அந்த வாரம் வேறொரு மாநிலத்துப் பந்தயத்தில் கார் கவிழ்ந்து எரிந்ததில் காயம்பட்ட ஓர் இளைஞர் அவருடைய வார்டுக்கு வந்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இளைஞரின் பெயரையோ பட்ட துன்பத்தையோ அக்கா எங்களிடம் சொன்னதில்லை. கேட்டபோது, "அது வார்டுலயே இருக்கட்டும்" என்றார். அவர் பிழைக்கவில்லை என்பதை மட்டும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டோம்.

டேங்கைப் பார்த்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் அக்கா சொன்னது: "போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த டேங்கை மாத்துங்க. மாத்தாம நீங்க ரெண்டு பேரும் இந்தக் காருல ஏறினா, என்னால வார்டுல நிக்க முடியாது லா."

பந்தயக் கார்களுக்கென்று செய்யப்பட்ட டேங்க் ஒன்று உண்டு. ஃபியூல் செல் என்பார்கள். வெளியே இரும்புப் பெட்டி. உள்ளே எளிதில் கிழியாத தடித்த ரப்பர் பை. பை நிறைய, தேன்கூடு போன்ற நுரைப்பஞ்சு. பெட்டி நசுங்கினாலும் பை தாங்கும். பை கிழிந்தாலும் பஞ்சு பெட்ரோலை ஒரேயடியாகக் கொட்டவிடாது. அன்றைக்குப் பினாங்கில் அது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் பழையது இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நண்பர் ஒருவர் மூலம் வரவழைத்தோம். பெட்டியைக் கொட்டகையில் வைத்து மேல்மூடியின் திருகாணிகளை அண்ணன் ஆசையாகக் கழற்றினார். உள்ளே கைவிட்டுப் பஞ்சை இழுத்ததும் அது பழைய கேக்கைப்போல உதிர்ந்து அவர் விரலெல்லாம் மஞ்சள் தூளாக ஒட்டிக்கொண்டது. ரப்பர் பை நன்றாக இருந்தது. பஞ்சு மட்டும் செத்துப்போயிருந்தது.

"மார்க்கெட் தெரு மெத்தைக் கடையில கேட்டா வெட்டிக் குடுப்பாங்க" என்றேன் நான். பெரிய யோசனை சொன்ன பெருமை எனக்கு. ஒரு துண்டு வாங்கியும் வந்தேன். அக்கா அதை அப்படியே உள்ளே வைக்க விடவில்லை. கொஞ்சம் கிள்ளி, ஊறுகாய் ஜாடியில் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டு, மூடியை இறுக்கி, சமையலறைக்கு வெகு தூரத்தில் கொல்லைப்புறச் சுவரோரம் வைத்தார். தினமும் வேலைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பார். சில நாளில் பஞ்சு இரண்டு மடங்காக உப்பிப்போனது. குச்சியால் தொட்டதும் கஞ்சிபோல் பிய்ந்தது.

"இது எஞ்சினுக்குள்ள போய் அடைச்சு, நடுரோட்டுல உங்களை நிறுத்தும்" என்றார்.

சரியான பஞ்சை அனுப்பச் சொல்லி ஆஸ்திரேலியாவில் இருந்த தன் ஒன்றுவிட்ட தம்பிக்கு எழுதினார். அது வர நாளாயிற்று. இடையில் ஒரு பந்தயம் வந்தது. அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த ஒரு தடவை பழைய டேங்கோடயே ஓட்டிட்டு வந்துடறேன். இத்தனை வருஷம் ஓட்டலையா?"

அக்கா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஓம், ஓட்டுங்க" என்றார். பதற்றம் வந்தால் மட்டுந்தான் அவர் பேச்சில் யாழ்ப்பாணத்து 'ஓம்' வரும். "நான் அன்னிக்கு லீவு போட மாட்டேன். வார்டுலயே நிப்பேன். உங்களை எங்க கொண்டு வருவாங்கன்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் போகவில்லை. ஆனால் பல நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் போனால் இருவரும் என்னிடம் மட்டும் பேசுவார்கள். எனக்கு அங்கே தேநீர் குடிக்கவே சங்கடமாக இருந்தது.

பஞ்சு வந்து சேர்ந்த பிறகு, பெட்டியைப் பின்பெட்டியில் பொருத்தும் வேலைக்காகக் காரை அக்கரையில் மாக் மண்டின் பக்கம் ஒரு பட்டறைக்கு மூவருமாகக் கொண்டுபோனோம். அப்போது தீவிலிருந்து கடலைக் கடக்கப் பாலம் இல்லை. பெர்ரியில் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும். பழைய டேங்கில் அடியில் கொஞ்சம் பெட்ரோல் எண்ணெயோடு, முன்னும் பின்னும் லாரிகள் நெருக்கி நிற்க, அந்தக் கடலைக் கடந்தபோது அக்கா காரைவிட்டு இறங்கிப் பின்பக்கமே நின்றார். பக்கத்து லாரிக்காரர் சிகரெட்டை எடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில், பற்றவைக்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறைக்காரர் ஆ செங் எங்களுக்குப் பழக்கமானவர். பழைய டேங்கை வடித்து, கழற்றி, சுவரோரம் வைத்தோம். பின்பெட்டியின் தரையை வெட்டி, பெட்டி உட்காரச் சட்டம் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். ஆ செங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுத்தார்.

"நிறுத்துங்க!" என்று அக்கா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

"என்ன திலகா?"

"அந்தப் பழைய டேங்க். அதை ஏன் இங்க வெச்சிருக்கீங்க?"

"அது காலிதானே."

"காலி டிரம்முன்னு நெனச்சுப் பத்தவெச்சவங்கதான் எங்க வார்டுக்கு வர்றாங்க. உள்ள எண்ணெய் இல்ல, ஆவி இருக்கு. ஒரு பொறி போதும்."

சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேங்கைத் தானே தூக்கப் போனார். நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். இருவரும் தூக்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் புல்வெளியில் கொண்டுபோய் வைத்தோம். ஆ செங், "பெத்துல், பெத்துல், மிஸ்ஸி" என்று மலாயில் சரிதான் எனத் தலையை ஆட்டி, தரையில் சிந்தியிருந்ததையும் துடைத்த பிறகே வேலையைத் தொடங்கினார். வெட்ட வெட்டத் தீப்பொறி பறக்க ஆரம்பித்தது. அது டேங்க் இருந்த சுவர்வரைக்கும் போய் விழுந்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அன்று திரும்பும் பெர்ரியில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

சட்டம் பொருத்தியாயிற்று. பெட்டியைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியாயிற்று. அட்டை இருந்த இடத்தில் தகட்டுச் சுவர் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அக்கா கேட்டார்: "கார் கவுந்தா?"

டேங்க் மூச்சுவிட ஒரு சிறு குழாய் வேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. கார் தலைகீழானால் அதே குழாய் வழியாக எண்ணெய் ஒழுகிவிடும் என்பதால் அதில் குண்டு வைத்த அடைப்பான் ஒன்று இருக்கும். கவிழ்ந்ததும் குண்டு உருண்டு வழியை அடைத்துவிடும். "அதெல்லாம் செஞ்சவனே வெச்சிருப்பான்" என்றார் அண்ணன். "அப்ப பாத்துடலாமே" என்றார் அக்கா.

பெட்டியை மறுபடி இறக்கினோம். அண்ணனுக்கு எரிச்சல்தான். பையில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, மூவருமாகச் சேர்ந்து கொட்டகையில் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு குழாயிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கி அண்ணனின் பாதத்தில் விழுந்தது. பாதம் கூசியதால் முதலில் அவர் சிரித்தார். தண்ணீர் நிற்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் அடைப்பானே இல்லை. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ எடுத்திருக்கிறார். மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கு எழுதி, மறுபடியும் காத்திருந்தோம். இந்த முறை அண்ணன் அவசரப்படவில்லை.

அடைப்பான் வந்து, பெட்டியை மீண்டும் கவிழ்த்து, ஒரு சொட்டும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தோம். கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட். முதல் நாள் மழை பெய்து செம்மண் வழவழவென்று இருந்தது. அக்கா முடிவிடத்தில் மற்றக் குடும்பத்தாரோடு காத்திருந்தார்.

எப்படிக் கவிழ்ந்தது என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. வலது வளைவு என்று படித்தேன். கார் வளையாமல் நேராகப் போனது. வானமும் மரங்களும் இடம் மாறின. பிறகு நான் இருக்கை வாரில் தொங்கிக்கொண்டிருந்தேன். கூரை கீழே இருந்தது. எஞ்சின் நின்ற அமைதியில் சூடான இரும்பு டிக் டிக்கென்று சத்தமிட்டது. அப்போது பெட்ரோல் வாடை வந்தது.

அந்தக் கணத்தின் பயத்தை எழுத எனக்கு வரவில்லை. என் வாரை எப்படியோ அவிழ்த்துத் தலைகுப்புற விழுந்து, ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்தேன். அண்ணனின் வார் பூட்டு இறுகிக்கொண்டு அவிழவில்லை. தோள் எலும்பு முறிந்து அவரால் கையைத் தூக்க முடியவில்லை. "நீ தள்ளிப் போ காதர், நீ போ" என்றார். போக எனக்குக் கால் வரவில்லை. பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். பின்பெட்டி நசுங்கி, இரும்புப் பெட்டியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது. அடியில் கைவிட்டுத் தடவினேன். காய்ந்திருந்தது. வாடை முன்பக்கம் எஞ்சினிலிருந்து வந்தது. கார்புரேட்டரில் தேங்கியிருந்த கொஞ்சம் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவே போதும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் பற்றினாலும் பின்னால் இருக்கும் அத்தனை எண்ணெயும் சேர்ந்து கொட்டாது என்ற ஒரே தைரியத்தில் திரும்பிப் போய் அவர் வாரை இழுத்தேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, கையில் பால் வெட்டும் கத்தியோடு மண்ணில் படுத்து, தலையை ஜன்னலுக்குள் விட்டார். "வாரை அறுத்தா ஐயா கீழ விழுவாரு. புடிச்சுக்க தம்பி!" என்றார். அறுத்தார். அண்ணன் என் மேல் விழுந்தார். எல்லாருமாக அவரை இழுத்து மரத்தடியில் கிடத்தினோம். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பழைய தகர டேங்க் பிளந்திருந்தால் அவ்வளவு நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது என்பது தெரியும்.

கார் கவிழ்ந்தது என்ற சேதி மட்டும் முடிவிடத்துக்குப் போயிருக்கிறது. யார், என்ன ஆனார் என்று போகவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வேனில் அக்கா வந்து இறங்கினார். ஓடவில்லை. வேகமாக நடந்து வந்தார். அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, "விரலை அசைங்க. காலை அசைங்க" என்று சொல்லி, யாரோ கொடுத்த துண்டால் கையைக் கட்டினார். பிறகு மூக்கு விரிய நிமிர்ந்தார்.

"பெட்ரோல் வாடை வருது."

"முன்பக்கம்க்கா. கார்புரேட்டர். பெட்டி ஒழுகல, நான் பாத்துட்டேன்."

அவர் என்னை நம்பவில்லை. யாரும் தடுக்குமுன் காருக்குப் போய், குனிந்து, நசுங்கிய பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவி, அந்தக் கையை முகர்ந்து பார்த்தார். இன்னொரு முறை தடவினார். இன்னொரு முறை முகர்ந்தார். திரும்பி வரும் வழியில் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்து அழுதார். அழுகை நின்றதும் அந்தப் பால் வெட்டும் அம்மாவைத் தேடிப் போய் அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அண்ணன் தேறியதும் காரைப் பழுது பார்த்து மேலும் சில வருடம் ஓட்டினார். "பெட்டிதான் காப்பாத்திடுச்சே, இன்னும் என்ன பயம்?" என்று ஒருநாள் கேட்டார். "பெட்டி அது வேலையச் செஞ்சிச்சு. பயப்படறது என் வேலை" என்றார் அக்கா. ஒவ்வொரு முறையும் பயந்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார். பிறகு அண்ணனுக்குக் கண்பார்வை மங்கியது. காரை ஈப்போவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் அவரும் போனார்.

கடைசி மாதத்தில் அக்காவைப் பார்க்க அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் காலடியில் நின்றுகொண்டே நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "உக்காரு காதர்" என்றார். "படுத்திருக்கறவங்ககிட்டயும் பயத்தோட கேக்கறவங்ககிட்டயும் நின்னுக்கிட்டுப் பேசாத. நீ எப்ப கிளம்புவியோன்னே அவங்க மனசு அடிச்சுக்கும். வார்டுல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் மொதல்ல இதைத்தான் சொல்வேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் அவர் தன் நோயைப் பற்றி என்னிடம் பேசினார். தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். பயத்தோடு ஒருவர் கேட்டால், முதலில் உட்காருவது.

சடங்கு முடிந்து எல்லாரும் கலைந்த பின், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவர் மகள் சுமதி வாசலுக்கு வந்தாள். கடைசி நாட்களில் அவளால் வந்து சேர முடியவில்லை. அந்த வேதனை முகத்தில் இருந்தது.

"அங்கிள், அம்மா பயந்தாங்களா?"

இல்லைம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது எளிதாக இருந்திருக்கும். அங்கே கிடந்த நாற்காலிகளில் இரண்டை எதிரெதிராக இழுத்துப் போட்டேன். அவளை உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன்.

"ஆமாம்மா, பயந்தாங்க" என்றேன். "சொல்றேன், கேளு."